சேலம் விமான நிலையத்தைப் பயன்படுத்துவது எப்படி: கமலாபுரம் முதல் ஏற்காடு வரை

சேலத்திலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் ஓமலூரைத் தாண்டிச் சற்றுத் தூரம் சென்றால் கமலாபுரம் வருகிறது. சேலம் விமான நிலையம் அங்கேதான், நகரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 1993-இல் திறக்கப்பட்ட நாள் முதல் இங்கே விமானங்கள் வருவதும் நின்றுபோவதும் மாறிமாறி நடந்து வந்திருக்கின்றன. 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் நிறுவனம் சென்னைக்குச் சேவையைத் தொடங்கி 2011-இல் நிறுத்திக்கொண்டது. சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் கீழ் 2018 மார்ச் 25 அன்று ட்ரூஜெட் பறக்கத் தொடங்கியது. 2021-இல் அதுவும் நின்றது. பிறகு 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர் பெங்களூரு, கொச்சி நகரங்களுக்கும், இண்டிகோ சென்னை, ஐதராபாத் நகரங்களுக்கும் சேவையைத் தொடங்கின.

இந்த வரலாற்றை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. சென்னை மீனம்பாக்கத்திலோ பெங்களூரு தேவனஹள்ளியிலோ பழகியவர்கள், ஒரு விமானத்தை விட்டால் அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு இங்கும் வருகிறார்கள். இங்கே அடுத்த விமானம் என்பது பெரும்பாலும் அடுத்த நாள்தான். சில வழித்தடங்களில் அதற்கும் மேல் ஆகலாம். ஆகவே கமலாபுரத்திலிருந்து பறக்க நினைப்பவர் தரைவழியை முதலில் திட்டமிட்டுவிட்டு, அதற்குள் வான்வழியைப் பொருத்திக்கொள்வதே சரியான முறை. கீழே சொல்லப்படுபவை எல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து கிளைப்பவையே.

எந்தப் பயணத்துக்குப் பொருந்தும்

சென்னைக்குச் செல்பவர் முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வான்வழியில் கமலாபுரத்துக்கும் சென்னைக்கும் இடையே 270 கிலோமீட்டருக்குக் குறைவான தூரமே இருப்பதால், பறக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஆனால் வீட்டிலிருந்து கமலாபுரம் செல்லும் நேரம், அங்கே காத்திருக்கும் நேரம், சென்னையில் இறங்கி நகருக்குள் நுழையும் நேரம் ஆகியவற்றைக் கூட்டினால் கணக்கு நாலு மணி நேரத்தை எளிதாகத் தொட்டுவிடும். 2023 ஏப்ரலில் தொடங்கிய சென்னை–கோவை வந்தே பாரத் ரயிலோ சேலம் சந்திப்புக்கும் சென்னை சென்ட்ரலுக்கும் இடையிலான தூரத்தை மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் கடந்துவிடுகிறது. பாரிமுனையிலோ எழும்பூரிலோ வேலை உள்ளவருக்கு ரயிலே மேல் என்பது என் கருத்து. கிண்டி, தாம்பரம் பக்கம் செல்பவருக்கும், சென்னையில் இறங்கி வேறு விமானம் ஏறுபவருக்கும்தான் கமலாபுரம் உண்மையில் லாபம். ஐதராபாத்தின் கதை வேறு: அங்கே ரயிலில் செல்ல ஓர் இரவு முழுவதும் ஆகும் என்பதால், நேரடி விமானம் இருக்கும் காலத்தில் யோசிக்கவே தேவையில்லை.

இணைப்பு விமானம் பிடிப்பவர்கள் இரண்டு பயணங்களையும் ஒரே பயணச்சீட்டில் வாங்க வேண்டும். தனித்தனியாக வாங்கியிருந்தால், சேலம் விமானம் தாமதமாகி இரண்டாவது விமானம் தவறும்போது அந்த இழப்பு முழுவதும் பயணியின் தலையில்தான் விழும். வெளிநாட்டு விமானம் ஏறுபவர்கள் இதையும் நம்பாமல் முந்தைய நாளே சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவது நல்லது.

வானிலையும் ஓடுதளமும்

நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஓடுதளத்தின் நீளம் ஏறத்தாழ 1,800 மீட்டர், அகலம் 30 மீட்டர். இந்த அளவு ஏ.டி.ஆர். 72 போன்ற விசிறி விமானங்களுக்குத் தாராளமாகப் போதும். ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் விமானங்களை வழக்கமாக இயக்க இது போதாது. நிலையத்தை விரிவாக்க ஏறத்தாழ 570 ஏக்கர் நிலம் எடுக்கும் முயற்சிக்கு 2018-இல் கமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி ஊர்களின் உழவர்கள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த ஊர்களில் நிலம் பற்றிப் பேச்செடுக்கும் வெளியூர்க்காரர் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஓடுதளத்தின் இரு முனைகளிலும் 04, 22 என்ற எண்கள் எழுதப்பட்டிருக்கும். இவை திசைமானியின் 40 பாகை, 220 பாகை ஆகியவற்றின் சுருக்கம். அதாவது ஒரு முனையிலிருந்து ஓடினால் வடகிழக்கு, மறுமுனையிலிருந்து ஓடினால் தென்மேற்கு. விமானங்கள் எதிர்க்காற்றில்தான் ஏறவும் இறங்கவும் விரும்பும். எனவே தென்மேற்குக் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் தென்மேற்கு நோக்கியும், வாடைக் காற்றுக் காலத்தில் வடகிழக்கு நோக்கியும் ஓடுவதையே பெரும்பாலும் எதிர்பார்க்கலாம். இந்தச் செய்தி ஜன்னல் இருக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது பயன்படும்.

இத்தகைய சிறிய நிலையங்களில் விமானி ஓடுதளத்தைக் கண்ணால் கண்டே இறங்க வேண்டியிருக்கும். அந்த முறைக்குப் பொதுவாகக் குறைந்தது 5 கிலோமீட்டர் தூரமாவது தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது விதி. மார்கழி, தை மாதங்களின் காலைப் பனியிலும், வடகிழக்குப் பருவமழையில் ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையிலிருந்து மேகம் இறங்கி வயல்வெளியை மூடும் நாட்களிலும் இந்தத் தெளிவு கிடைக்காமல் போவதுண்டு. அப்போது விமானம் சிறிது நேரம் வட்டமிட்டுப் பார்த்துவிட்டு, வேறு நிலையத்துக்குத் திரும்பிவிடும். சித்திரை, வைகாசியில் பிரச்சினை வேறு வகையானது. சேலத்தின் பகல் வெப்பம் 38, 40 பாகையைத் தொடும்போது காற்றின் அடர்த்தி குறைவதால் இறக்கைக்குக் கிடைக்கும் தாங்குவிசையும் எஞ்சினின் திறனும் குறைகின்றன; குறுகிய ஓடுதளத்தில் இதன் விளைவாகச் சுமையைக் குறைக்க நேரலாம். அதே மாதங்களில் பிற்பகல் கடந்ததும் இடியோடு கோடை மழையும் கொட்டும். எனவே மழைக்காலத்தில் காலை ஏழு மணி விமானத்தைவிடப் பத்து மணிக்கு மேற்பட்ட விமானமும், கோடையில் மாலை விமானத்தைவிட முற்பகல் விமானமும் நம்பத் தகுந்தவை. எந்த நேரம் கிடைக்கிறது என்பது நிறுவனத்தின் அட்டவணையைப் பொறுத்தது. தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் இப்படித் தேர்ந்தெடுக்கலாம்.

விமானம் ரத்தானால் பயணிக்கு உள்ள உரிமைகளைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகளின்படி, ரத்தான விமானத்துக்கு நிறுவனம் மாற்று விமானம் அல்லது முழுக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். நேரத்தோடு வந்து பதிவு (செக்-இன்) செய்த பயணியை இது போன்ற குறுந்தூர விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வைத்தால் சிற்றுண்டியோ உணவோ தர வேண்டும். வானிலையால் நேரும் ரத்துக்கு இழப்பீடு மட்டும் கிடையாது. இதனால், புயல் அறிவிப்பு வந்த நாளில் இருந்தே ரயிலில் ஓர் இடத்தை முன்பதிவு செய்து வைத்துக்கொள்ளும் பழக்கம் சேலத்துக்காரர்களிடம் வர வேண்டும். ரத்து செய்தால் பிடிக்கப்படும் சிறு தொகை வீண் செலவே அல்ல.

நிலையத்துக்குச் சென்று சேர்தல்

புதிய பேருந்து நிலையத்திலிருந்து தருமபுரி, ஓசூர் திசையில் செல்லும் பேருந்துகள் எல்லாம் இந்த நெடுஞ்சாலையில்தான் ஓடுகின்றன. ஆனால் விரைவுப் பேருந்துகள் வழியில் நிற்பதில்லை. கமலாபுரத்தில் நிற்குமா என்று ஏறும்போதே நடத்துனரிடம் கேட்டுவிட வேண்டும். நிற்காது என்றால், ஓமலூர் வரை பேருந்தில் சென்று அங்கிருந்து ஆட்டோ பிடிப்பது எளிது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேசிய நெடுஞ்சாலையைக் குறுக்கே கடப்பதை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. பெங்களூருவிலிருந்து சரக்கேற்றி வரும் லாரிகள் தொப்பூர்க் கணவாயில் இறங்கிய வேகத்திலேயே இந்தப் பகுதியைக் கடக்கின்றன.

காரில் செல்பவர்கள் சேலம் ஐந்து ரோட்டிலிருந்து சுமார் 40 நிமிடங்கள் என்று கணக்கிடலாம். கருப்பூர், பெரியார் பல்கலைக்கழகம், ஓமலூர் என்று சாலை நேராகச் செல்கிறது. பதிவு மேடைகள் விமானம் புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடப்படும் என்பதால் ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பு வந்து சேர்ந்தால் போதும். அதற்கும் முன்பே வந்து உட்காருவதில் பயனில்லை. பெரிய நிலையங்களைப் போலச் சுற்றிப் பார்க்கவோ வயிறாரச் சாப்பிடவோ இங்கே வழியில்லை. காலை உணவை ஓமலூரிலேயே முடித்துக்கொள்ளலாம். நாமக்கல், ஆத்தூர், ஈரோடு பக்கத்திலிருந்து வருபவர்கள் சேலம் நகருக்குள் நுழையாமல் புறவழிச்சாலையைப் பிடிக்க வேண்டும்.

திரும்பி வரும்போதுதான் வாகனச் சிக்கல். விமானம் வந்து அரை மணி நேரத்தில் வாசல் வெறிச்சோடிவிடும். செயலியில் வாடகைக் கார் தேடிக்கொண்டு நிற்பதைவிட, முதல் நாளே தெரிந்த ஓட்டுநர் ஒருவரிடம் சொல்லி வைத்துவிடுவது நல்லது. விமானம் தாமதமானால் காத்திருப்புக் கட்டணம் எவ்வளவு என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும்.

மூட்டை முடிச்சு

ஏ.டி.ஆர். விமானத்தின் தலைமேல் அடுக்கு சிறியது. பெரிய விமானத்தில் கையோடு கொண்டு செல்லும் சக்கரப் பெட்டி இதில் நுழையாமல் போகலாம். அப்போது படிக்கட்டின் அருகிலேயே அதை வாங்கி, சீட்டு ஒட்டி, சரக்கு அறையில் வைத்துவிடுவார்கள். பவர் பேங்க், மருந்து, நகை ஆகியவற்றை அந்தப் பெட்டிக்குள் வைக்காமல் தோள்பையில் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வாங்கி எடுத்துச் செல்பவர்கள் ரசீதையும் அதே பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சேலத்திலிருந்து உறவினர் வீட்டுக்கு வெறுங்கையோடு யாரும் போவதில்லை என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மாம்பழக் காலத்தில் மல்கோவாவும் இமாம் பசந்தும் எடுத்துச் செல்வோர், முழுதாகக் கனிந்த பழத்தை வாங்காமல் இரண்டு நாளில் கனியக்கூடிய காயாகப் பார்த்து வாங்கி, ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, காம்புப் பக்கம் கீழே இருக்குமாறு அட்டைப் பெட்டியில் அடுக்கி, பதிவுச் சுமையில் போட வேண்டும். பதிவுச் சுமை பொதுவாக 15 கிலோ, கைச்சுமை 7 கிலோ; இரண்டு பேர் ஒரே பயணச்சீட்டில் சென்றால் மாம்பழப் பெட்டிக்கு இடம் கிடைத்துவிடும். தட்டுவடை செட்டைக் கடையில் சேர்த்த நிலையில் வாங்கிச் சென்றால், சட்னியும் துருவிய பீட்ரூட்டும் ஊறிப் போய்விடும்; தட்டுவடையை மட்டும் தனியாக வாங்கி, சட்னியைச் சென்ற இடத்தில் அரைத்துக்கொள்ளலாம். ஊறுகாய், நெய், எண்ணெய், மிளகாய்த்தூள் ஆகியவற்றைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். முழுக் கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால் பதிவுச் சுமையிலும் அனுமதி இல்லை. ஏற்காட்டுக் காபித்தூளுக்கும் மிளகுக்கும் பதிவுச் சுமையில் தடை ஏதும் இல்லை.

எந்த ஜன்னல்

ஏ.டி.ஆர். விமானத்தின் இறக்கை உடலுக்கு மேலே பொருத்தப்பட்டிருப்பதால் எந்த ஜன்னலிலிருந்தும் தரை தெரியும். முன்பகுதி இருக்கைகள் விசிறியை ஒட்டி இருப்பதால் சத்தம் அதிகம். நடுப்பகுதியில் உட்கார்ந்தால் உடலின் பக்கவாட்டிலிருந்து சக்கரங்கள் கீழே விரிவதையும், தரையைத் தொடும் கணத்தில் ரப்பர் உரசிப் புகை கிளம்புவதையும் கண்ணெதிரே பார்க்கலாம். குழந்தைகளோடு செல்பவர்கள் இந்த இருக்கையை எடுக்க வேண்டும். பயணிகள் ஏறி இறங்கும் கதவு பின்புறம் இருப்பதால், அவசரமாக இறங்க விரும்புபவர்களுக்குக் கடைசி வரிசைகளே ஏற்றவை.

நிலையத்தின் அமைவிடம் அரிதானது. நேர் கிழக்கே சேர்வராயன் மலை, நேர் மேற்கே மேட்டூர் அணை, தெற்கே கஞ்சமலை, வடக்கே தொப்பூர்க் கணவாய். ஆகவே விமானம் தென்மேற்கு நோக்கி ஏறினாலும் இறங்கினாலும் இடது ஜன்னலில் சேர்வராயன் மலை, வலது ஜன்னலில் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் திசை. வடகிழக்கு நோக்கி என்றால் இது தலைகீழாகும். ஆடி மாதத்தில் மேட்டூர் நிறைந்திருக்கும்போது, வானம் தெளிவாக இருந்தால், மேற்கு ஜன்னல்காரருக்கு அந்த நீர்ப்பரப்பு வெள்ளித் தகடாக மின்னும். மற்ற மாதங்களில் எனக்குக் கிழக்கு ஜன்னல்தான் பிடிக்கும்: மலையின் விளிம்பு சுவர் போலச் செங்குத்தாக எழுந்து, மேலே சமதளமாக விரிவதைத் தரையிலிருந்து இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது.

வந்திறங்கிய பிறகு

விமானத்திலிருந்து பார்த்தால் ஏற்காடு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். நேர்கோட்டில் அளந்தால் சுமார் 16 கிலோமீட்டர்தான். சாலை வழியோ 45 கிலோமீட்டருக்கும் மேல். சேலத்துக்குத் திரும்பி வந்து, அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரத்தை அடைந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே செல்வதே வழக்கமான வழி. இதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். மே மாதக் கோடை விழாவின்போது அடிவாரம் வழியாக ஏறி, மற்றொரு மலைப்பாதையான குப்பனூர் வழியாக இறங்குமாறு ஒருவழிப் போக்குவரத்து ஏற்பாடு செய்வது வழக்கம். கனமழையில் மலைப்பாதையில் மண் சரிந்தாலும் குப்பனூர்ப் பாதைதான் கைகொடுக்கும். ஏற்காட்டிலிருந்து நேரே விமானம் பிடிக்கக் கிளம்புபவர்கள் இதனால் பதிவு நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே மலையை விட்டு இறங்கத் தொடங்க வேண்டும். மழைநாளில் முதல் நாள் இரவே சேலத்தில் தங்கிவிடுவது மேல்.

அரை நாள் மட்டும் கையில் உள்ளவர்களுக்கு ஏற்காடு வேண்டாம், தாரமங்கலம் போதும். ஓமலூரிலிருந்து அரை மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய அந்த ஊரின் கைலாசநாதர் கோயில், இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலியார்கள் எழுப்பிய கருங்கல் வேலைப்பாட்டுக்குப் பேர் போனது. சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையையும், ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலியையும் பார்க்க நல்ல வெளிச்சம் வேண்டும். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையில் சென்றுவிட வேண்டும். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணைக்கு மேலும் ஒரு மணி நேரம் தேவை. நீர்மட்டம் 120 அடியை நெருங்கும் நாட்களில் மேட்டூருக்குக் கூட்டம் பெருகும். அன்று திரும்பி வரும் நேரத்தை இரட்டிப்பாகக் கணக்கிட வேண்டும்.

சுற்றுவட்டாரத்தில் வசிப்பவர்களுக்கு

ஓமலூர், காடையாம்பட்டி வட்டாரத் திருமணங்களில் இப்போது ட்ரோன் கேமரா இல்லாத மண்டபம் இல்லை. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, இயங்கும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் எவ்வளவு தாழ்வாகப் பறக்கவிட்டாலும் முன் அனுமதி வேண்டும்; 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்கு மேல் பறக்கவிடவும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். ஓமலூர் நகரம் இந்த எட்டு கிலோமீட்டருக்குள் அடங்குகிறது. படம் எடுப்பவரிடம் முன்பணம் கொடுக்கும் முன்பே அனுமதிக்கு யார் விண்ணப்பிப்பது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கோழி, ஆட்டுக் கழிவுகளை ஏரிக்கரையில் கொட்டுவதும் விமானத்தோடு தொடர்புடைய குற்றமே. கழுகும் பருந்தும் திரண்டு வந்து விசிறியில் மோதும் ஆபத்து இருப்பதால், நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும் வகையில் கழிவு கொட்டுவதை விமான விதிகள் தடை செய்கின்றன. அப்படிக் கொட்டுவதைக் கண்டால் ஊராட்சி அலுவலகத்திலும் விமான நிலைய அலுவலகத்திலும் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம்.

உயரமான கட்டடம், கைப்பேசிக் கோபுரம் கட்டுவோருக்கான எல்லை இன்னும் பெரிது. நிலையத்தின் மையப் புள்ளியிலிருந்து 20 கிலோமீட்டர் தொலைவுக்குள் உயரத் தடையின்மைச் சான்று தேவைப்படுகிறது. இந்திய விமான நிலைய ஆணையத்தின் இணையதளத்தில் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். மனையின் அட்சரேகை, தீர்க்கரேகை, தரைமட்ட உயரம் ஆகிய மூன்றையும் அளந்து சான்றளித்த வரைபடம் அதோடு இணைக்கப்பட வேண்டும். ஏற்காடு ஊரும் இந்த வட்டத்துக்குள் வருகிறது. அங்கே தரையே ஓடுதளத்தைவிடச் சில ஆயிரம் அடி உயரத்தில் இருப்பதால், எஸ்டேட் நிலத்தில் கோபுரத்துக்கு இடம் குத்தகைக்கு விடுபவர்கள் சான்று கையில் கிடைத்த பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.